சேமக்காலைக்குச் செவ்வந்தி

எங்கள் தெருவில் உறைபனி விழுமா என்று ரேடியோவைக் கேட்டு அறிந்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டு அறிந்தவர்கள்தான் அதிகம். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இந்த வீட்டை வாங்கிப் பின்வளவில் முதல் கத்தரிக்கன்று வைத்த காலம் முதல், செப்டெம்பர் கடைசியில் காற்று வடக்கே திரும்பிவிட்டால் பின்னேரங்களில் என் போன் ஓயாது. நகரத்தின் விளிம்பில் உள்ள ரூஜ் பக்கத்திலிருந்துகூடக் கேட்பார்கள்.

"அண்ணை, இண்டைக்கு விழுமோ?"

"விழும். பாவற்கொடியை விடு, அது முடிஞ்சுது. மிளகாயையும் கத்தரியையும் மூடு."

"போனிலை மூண்டு பாகை எண்டு காட்டுது அண்ணை."

"அப்ப போனைக் கொண்டுபோய்க் கத்தரிக்கு மேலை போர்த்து. என்னை ஏன் கேக்கிறாய்?"

அப்படித்தான் பதில் சொல்வேன். ஒருவரும் கோபித்ததில்லை. அடுத்த நாள் விடிய, என் சொல்லைக் கேட்டவன் வளவில் கத்தரி நிமிர்ந்து நிற்கும். கேளாதவன் வளவில் அவித்த கீரை மாதிரித் தொங்கும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் பல பேரோடு நெருக்கிப் படுத்து எழும்பி, கோப்பை கழுவினேன். பிறகு நகரத்துக்கு வெளியே பூ வளர்க்கும் கிரீன்ஹவுஸ் ஒன்றில் கூலி வேலை. அதற்குப் பிறகு கூரை வேலை. மற்றவனிடம் கைகட்டி நின்றது போதும் என்று சொந்தமாகக் கூரைக் கொம்பனி தொடங்கி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, எல்லாரையும் கரை சேர்த்தேன். என்னை ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. வானத்தைப் பார்க்கவும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு வீட்டின் கூரையைக் கழற்றிப் போட்டிருக்கும் நேரத்தில் மழை வந்தால், கீழே நனையும் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

பின்னேரம் காற்று விழுந்து, மேகம் விலகி, வானம் கழுவிய கண்ணாடி மாதிரி வெளித்திருந்தால் கவனமாக இருக்க வேண்டும். உடுப்புக் காய விடும் மெஷினின் ஆவி சுவர்க் குழாயால் வந்து நேரே மேலே எழும்பினால் இன்னும் கவனம். பிறகு போய்க் காரின் கூரையை உள்ளங்கையால் தடவுவேன். கை ஒட்டுகிற மாதிரி இழுத்தால் விழும். அவ்வளவுதான். என் மனைவி சொல்வாள்: "இவரிட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுத்தான் ஆண்டவனே பனியை இறக்கி விடுறவர்." நக்கல்தான். ஆனாலும் நான் சொன்னதும் தன் கறிவேப்பிலைச் சட்டியைத் தூக்கி உள்ளே வைக்க முதலில் ஓடுபவள் அவள்தான்.

எங்கள் ஆட்கள் செடி மூடுவதற்குக் கடையில் துணி வாங்குவதில்லை. பழைய பெட்சீற், கிழிந்த வேட்டி, நிறம் போன நூல் சீலை, எல்லாம் அந்த மாதத்துக்காகப் பேஸ்மன்றில் மடித்து வைத்திருக்கும். உறைபனி விழுந்த காலையில் மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பின்வளவிலும் வெள்ளைத் துணி போர்த்த உருவங்கள் வரிசையாகக் கிடக்கும். அப்படி வரிசையாகக் கிடந்ததை ஊரில் சண்டைக் காலத்தில் பார்த்தவர்கள் இந்தத் தெருவில் நிறையப் பேர். அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. வெயில் ஏறியதும் துணியை உருவி, உதறி, கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு இடப்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மன்னார்க்காரர். அவருடைய தகப்பன் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை வேலைக்கு வைத்திருந்த சம்மாட்டி என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று முதல் நான் அவரைச் சம்மாட்டியார் என்றே கூப்பிட்டேன். தகப்பனின் வள்ளம் எப்போதோ போய்விட்டது. அவர் இங்கே ஒரு கடதாசிப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இளையவர். நான் சைவம், அவர் கத்தோலிக்க வேதம். அவருடைய பின்வளவின் நடுவில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான மாதா சுரூபம் ஒன்று, அதற்கு மேலே ஒரு சின்ன பல்ப். சாயங்காலத்தில் அவரும் மனைவியும் அதன் முன்னால் நின்று செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுவிச்சைத் தட்டிப் பல்பை நூர்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

அவருடைய மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் எனக்குப் போட்டி அவள்தான். காய்கறியில் என்னிடம் நெருங்க முடியாது. ஆனால் ஷெட்டுக்குப் பின்னால், வெயில் அரைகுறையாக விழும் ஓரத்தில், செவ்வந்தி வைத்திருந்தாள். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், பசும்பாலில் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை விழுந்த நிறம். ஒவ்வொரு வருடமும் அதைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருந்து, நவம்பர் இரண்டாம் திகதி, செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வெட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். அவளுடைய தாய் தகப்பன், தம்பிமார் எல்லாரும் ஊர்ச் சேமக்காலையில். அந்தக் கல்லறைகளுக்குப் பூ வைக்க இங்கிருந்து போக முடியாது என்பதால் கோயிலில் வைப்பாள்.

"அண்ணை, என்ரை செவ்வந்திக்கு இண்டைக்கு ஆபத்து இருக்கோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள்.

"உன்ரை செவ்வந்தி உன்னை மாதிரி, தங்கச்சி. பனிக்குப் பயப்பிடாது."

"எனக்குப் பனிக்குப் பயமில்லை அண்ணை. இருட்டுக்குத்தான்."

அது பகிடி இல்லை. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் விளக்கில்லாமல் கிடந்தவள். தம்பிமாரில் ஒருவன் பக்கத்தில் கிடந்து செத்ததை விடியத்தான் கண்டாளாம். இங்கே வந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் படுக்கையறை லைற்றை நூர்க்க விடமாட்டாள். சம்மாட்டியார் கண்ணுக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார்.

புற்றுநோய் என்றார்கள். போன குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. கடைசியாக நானும் மனைவியும் போய்ப் பார்த்தபோது, என்னையும் வைத்துக்கொண்டுதான் புருசனிடம் சொன்னாள்.

"எனக்குக் கடைப்பூ வைக்காதேங்கோ. நான் நட்ட செவ்வந்தியை வையுங்கோ."

"வைக்கிறன்," என்றார்.

"மாதா லைற்றை நூர்த்துப்போடாதேங்கோ. நான் எங்கை கிடந்தாலும் அது எரியுது எண்டு நினைச்சுக்கொண்டு கிடப்பன்."

"நூர்க்கமாட்டன்," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, செவ்வந்தியைப் பனி அடிக்காமல் பாக்கிறது உங்கடை பொறுப்பு," என்றாள். "உறைபனி என்னைத் தாண்டித்தான் வரவேணும்," என்றேன். சிரித்தாள். வெண்பனி உருகத் தொடங்கிய கிழமையில் போய்விட்டாள். இங்கத்தைச் சேமக்காலையில்தான் அடக்கினோம்.

சம்மாட்டியார் அழுதுகொண்டு குந்தியிருக்கிற ஆள் இல்லை. நிலம் இளகியதும் மண்வெட்டியோடு இறங்கினார். ஷெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாதிரி நின்ற செவ்வந்தியைக் கிளப்பி, வேர் பிரித்து, மாதாவைச் சுற்றி வட்டமாக நட்டார். அவளுடைய பூ மாதாவின் காலடியில் நிற்கட்டும் என்று. சின்ன பல்ப் போதாது என்று பெரிய வெள்ளை லைற் ஒன்று வாங்கி வந்தார். ஏணி வைத்து ஏறிக் கூரை விளிம்பில் அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான். அந்த வயதிலும் ஏறினேன். நான் பூட்டிய பொருள் புயலுக்கும் அசையாது. அன்று முதல் இரவும் பகலும் மாதாவின் தலையில் பால் ஊற்றிய மாதிரி வெளிச்சம். எங்கள் சமையலறைச் சுவரில்கூட அடித்தது. மனைவி தடித்த திரைச்சீலை வாங்கிப் போட்டாள், முறைப்பாடு சொல்லவில்லை.

கோடை முழுக்கச் செவ்வந்தி வெறி கொண்டு வளர்ந்தது. இடுப்பளவு. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையில் உள்ளங்கை அளவு. மாட்டெரு மூட்டை எங்கே வாங்குவது, எப்போது நுனி கிள்ளுவது எல்லாம் நான் சொன்னபடிதான். "சேமக்காலை முழுக்க வைக்கலாம் போலை கிடக்கு அண்ணை," என்றார். அந்தக் கோடையில் அவர் முகத்தில் நான் கண்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

செப்டெம்பர் வந்தது. தெரு முழுக்க வாசற்படிகளில் கடைச் செவ்வந்திகள் உருண்டை உருண்டையாகப் பூத்து நின்றன. மாதாவின் காலடியில் இலை மட்டும். மொட்டுக்கான ஒரு முடிச்சுக்கூட இல்லை. சம்மாட்டியார் ஒவ்வொரு நுனியாக விரித்துப் பார்ப்பார்.

"உங்கடை எரு கூடிப்போச்சு அண்ணை."

"என்ரை எருவிலை குற்றம் சொல்லாதேங்கோ. நீங்கள் மண்ணுக்கை தாட்ட மீன்தலைதான் வேலை காட்டுது."

மீன்தலை தாட்டது உண்மை. மன்னார்க்காரன் புத்தி. இரவில் ரக்கூன்கள் வந்து கிண்டி இழுத்து, மாதாவின் முன்னால் முள் பரப்பிவிட்டுப் போயின. என் மனைவி நாவூறு என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுபோய்ச் செடியைச் சுற்றிக் காட்டி அடுப்பில் போட்டாள். மாதா ஒன்றும் சொல்லவில்லை. செடியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபரில் முதல் உறைபனி முந்தி வந்தது. நான் முந்தியே சொல்லிவிட்டேன். மொட்டு இல்லாத செடியானாலும் சம்மாட்டியார் மூடினார். அவளுடைய கட்டில் விரிப்புகள், வெள்ளைப் பருத்தி. ஓரத்தில் அவளே தைத்த நீலப்பூ. விரிப்புக்கு மேலே அந்த லைற் அடிக்க, வட்டப் பாத்தி முழுக்க உள்ளே விளக்கு ஏற்றிய கூடாரம் மாதிரி ஒளிர்ந்தது. நான் ஓரங்களுக்குக் கல் வைத்துக்கொண்டு போனேன். கல் போதவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் உடைந்த செங்கல் கிடக்கும் என்று எடுக்கப் போனேன்.

அங்கே, அவள் முதலில் நட்ட இடத்தில், கிளப்பும்போது விட்டுப்போன வேர் ஒன்று தளிர்த்து ஒரு பிடி செடியாக நின்றது. எரு இல்லை, தண்ணீர் இல்லை, நோஞ்சான் செடி. நுனி நுனியாகப் பச்சை மொட்டு.

செங்கல்லைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஷெட்டின் நிழல் அந்த மூலையில் கறுப்பாக விழுந்திருந்தது. லைற் அங்கே எட்டவில்லை.

அப்போதுதான் கறுப்புத் துணி ஞாபகம் வந்தது. அந்தக் கிரீன்ஹவுஸில் பின்னேரம் வெயில் இருக்கும்போதே செவ்வந்திப் பாத்திகளுக்கு மேலால் கறுப்புத் துணியை இழுத்து மூடுவது என் வேலை. விடியத் திறக்க வேண்டும். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது இங்கிலீஷும் இல்லை, பொழுதும் இல்லை. ஒருமுறை துணியின் கிழிசல் ஒன்றால் வாசல் லைற் பல இரவுகள் உள்ளே விழுந்து, அந்த இடத்துச் செடிகள் மட்டும் மொட்டுக் கட்டாமல் நின்றன. மேற்பார்வைக்காரன் ஒரு செடியைப் பிடுங்கி என் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் கத்தினான். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவு முழுக்க வெளிச்சம் பட்டால் அது இன்னும் கோடை என்று நினைத்து இலை போட்டுக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். கைகள் ஆயிரம் தடவை செய்த வேலை. ஞாபகம் வருவதற்குத்தான் அந்த மூலை தேவைப்பட்டது.

"சம்மாட்டியார், உந்த லைற்றை நூருங்கோ."

"எந்த லைற்றை?"

"மாதாவின்ரை லைற்றை. அதுதான் பூவை மறிச்சுக்கொண்டு நிக்குது."

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? வெளிச்சம் பூவை மறிக்குமே? அப்ப வெயில் மறிக்காதே?"

"வெயில் பகலுக்கு. உதுக்கு இரவு வேணும். ஆறு மாதமாய் உந்தச் செடி கண் மூடேல்லை. வாங்கோ, வந்து பாருங்கோ."

ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். மொட்டுகளைப் பார்த்தார். தலையைத் திருப்பி லைற்றைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முதல் சொல்லிலேயே விளங்கிக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் அவளுக்குச் சொன்னனான் அண்ணை, நூர்க்கமாட்டன் எண்டு."

"பூ வைக்கிறன் எண்டும் சொன்னனீங்கள்."

"ரெண்டும் அவள்தானே கேட்டவள்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்த வட்டப் பாத்திக்கு இனிமேல் லைற்றை நூர்த்தும் பயனில்லை. மொட்டுக் கட்டிப் பூக்க இலையுதிர் காலம் முழுக்க வேண்டும். மிச்சம் இருந்தது இந்தப் பிடி செடி. "தோண்டிச் சட்டியிலை வைச்சு வீட்டுக்கை கொண்டுபோவம்," என்றேன். மண்வெட்டியைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் குறுக்கே வந்து நின்றார். "ஒருக்கா இடம் மாத்தித்தான் இவ்வளவும் வந்தது. அவள் நட்ட இடத்திலை இது ஒண்டுதான் நிக்குது. இனி மாத்தமாட்டன்."

"பனி அடிச்சால்?"

"நீங்கள் இருக்கிறியள்தானே?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். என் பெயர் இன்னொரு பக்கம். தெருவுக்கு நான் சொன்ன காலநிலை வேறு, அந்தப் பிடி செடிக்குப் பார்த்த காலநிலை வேறு. ஒவ்வொரு பின்னேரமும் வேலி இடுக்கால் நுழைந்து போவேன். முழங்கால் கத்தும். கம்பி வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் விரிப்பு, அதன்மேல் என் கூரை வேலைக் காலத்துத் தறப்பாள். பொலித்தீன் போட்டு இலையில் ஒட்டவிட்டவர்களின் செடிகள் எல்லாம் அந்த வருடம் வெந்துபோயின. எங்கள் செடிக்கு ஓர் இலைகூட வாடவில்லை. விழுந்த உறைபனிகள் எல்லாவற்றையும் தாண்டியது. மாதக் கடைசியில் மொட்டின் நுனியில் அந்தப் பால்மஞ்சள் நிறம் கீறலாகத் தெரிந்தது. சம்மாட்டியார் தொடவில்லை, குனிந்து மூச்சு விடாமல் பார்த்தார்.

"திருநாளுக்கு விரியும்," என்றேன். "நான் சொல்லுறன்."

அடுத்த நாள் விடிய வானம் ஈயம். வாவிப் பக்கமிருந்து மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய மரக்கொப்பு முறிந்து வயர்களின்மேல் விழுந்தது. எங்கள் பகுதி முழுக்கக் கறண்ட் போய்விட்டது. நான் கூட்டைக் கட்டி இறுக்கிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பொழுதுபட வேலிக்கு அப்பால் சத்தம்.

"அண்ணை! அண்ணை! லைற் நூந்துபோச்சு!"

போனேன். சம்மாட்டியார் மாதாவின் முன்னால் மண்டியிட்டு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். கொளுத்தக் கொளுத்தக் காற்று ஊதியது. ஈரத்தில் தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன. மழை நின்றிருந்தது. நான் பார்த்தது வானத்தை. மேற்கே மேகம் கிழிந்து பச்சை வெளிச்சம். காற்று வடக்கே திரும்பிவிட்டது. வாளியில் நின்ற மழைத் தண்ணீரில் விரலை வைத்தேன். மேலே ஆடை மாதிரி மெல்லிய ஐஸ், அந்த நேரத்திலேயே.

"சம்மாட்டியார், இண்டைக்கு வாறது உறைபனி இல்லை, கொலைப்பனி. விரிப்பும் தறப்பாளும் காணாது. உள்ளுக்கை சூடு வேணும். உங்களிட்டை அரிக்கன் லாம்பு கிடக்கெல்லே?"

இருந்தது. ஒன்றே ஒன்று. தமிழ்க் கடையில் அலங்காரத்துக்கு வாங்கியது, ஆனால் எரியும். தட்டித் துடைத்து, கொளுத்தி, கூட்டுக்குள் செங்கல்லின்மேல் வைத்தோம். விரிப்பைக் கொஞ்சம் தூக்கிக் கை விட்டுப் பார்த்தேன். கோழி அடைகாக்கிற இடத்துச் சூடு. மாதாவுக்கு என் ரோச் லைற்றைக் கொண்டுவந்து காலடியில் நிறுத்தினேன். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. சம்மாட்டியார் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லாம் சரி என்று நினைத்தேன்.

நாங்கள் அந்த இடத்தைவிட்டு அசைய முந்தியே ரோச் மங்கியது. மஞ்சளாகி, சிவந்து, செத்தது. தட்டினேன், பற்றரியைக் கழற்றிக் கடித்துத் திரும்பப் போட்டேன். எரியவில்லை. தெருவில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. அவ்வளவு இருட்டை நான் ரொறன்ரோவில் கண்டதில்லை.

சம்மாட்டியார் ஷெட்டுக்குப் பின்னால் போனார். நான் பின்னாலே போனேன்.

"விடுங்கோ சம்மாட்டியார். இன்னும் ரெண்டு மூண்டு நாள். விரிஞ்சிடும்."

"அவள் தேடுவாள் அண்ணை."

"ஆர் தேடுறது? மாதா இருட்டிலை இருப்பா. ஒரு இரவுதானே?"

"பங்கருக்கையும் ஒரு இரவுதான் அண்ணை."

விரிப்பைத் தூக்கி லாம்பை வெளியே எடுத்தார். கூட்டுக்குள்ளிருந்து சூடு என் முகத்தில் ஒருமுறை பட்டுப் போனது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பலமாகப் பிடித்திருந்தால் லாம்பைப் பறித்திருக்கலாம், அந்த வயதிலும் என் கைப்பிடிக்கு அவர் ஈடில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போர்வையோடு நின்ற என் மனைவி, "இஞ்சருங்கோ, விடுங்கோ அவரை," என்றாள். விட்டேன்.

லாம்பை மாதாவின் காலடியில் வைத்து, காற்றுப் படாமல் தன் உடம்பை மறைப்பாகக் கொடுத்துக் குந்தினார். நான் என் குளிர் ஜக்கற்றைக் கழற்றிக் கூட்டின்மேல் போட்டேன். மனைவியின் போர்வையை வாங்கி அவர்மேல் போட்டேன்.

விடியக் கூட்டைத் திறந்தேன். இலைகள் கறுத்து, கண்ணாடி மாதிரி விறைத்து நின்றன. வெயில் பட்டதும் இளகித் தொங்கின. மொட்டுகள் மட்டும் நிமிர்ந்திருந்தன. ஒன்றை விரலால் நசித்தேன். உள்ளே பழுப்புத் தண்ணீர். சம்மாட்டியார் லாம்போடு பக்கத்தில் வந்து நின்றார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உங்களிலை பிழை இல்லை அண்ணை," என்றார்.

"என்னிலை என்ன பிழை?" என்றேன். குரல் உரத்துத்தான் வந்தது.

நவம்பர் இரண்டாம் திகதி நான்தான் காரோட்டினேன். முதல் நாள் என் மனைவி கடையில் ஒரு சட்டி மஞ்சள் செவ்வந்தி வாங்கிக் காரின் டிக்கியில் வைத்திருந்தாள், அவருக்குச் சொல்லாமல். அவர் மடியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம்.

சேமக்காலையில் எங்கள் ஆட்கள் நிறைய. கல்லறைக்குக் கல்லறை பூவும் மெழுகுதிரியும். சுவாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீர் தெளித்துச் செபித்துக்கொண்டு போனார். சம்மாட்டியார் பொட்டலத்தை அவிழ்த்தார். கறுத்த தண்டுகள், நூலால் கட்டி, விரியாத மொட்டுகளோடு. கல்லில் அவளுடைய பெயருக்குக் கீழே வைத்தார். பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காருக்கை ஒரு சட்டி கிடக்கு," என்றேன் மெல்ல. "கடைப்பூவெண்டு அவளுக்குத் தெரியவே போகுது?"

"தெரியும் அண்ணை. தன்ரை செடியிலை ஒரு மொட்டுக் குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிறவள்."

சட்டி டிக்கியிலேயே கிடந்தது.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றிய காலம். பின்னேரமே இருண்டுவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கேற் பூட்டப்போகிறோம் என்று சொல்லக் காவலாளியின் வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது. அதன் வெளிச்சம் கடந்து போனதும் எங்களைச் சுற்றி மெழுகுதிரிகள் மட்டும், காற்றில் ஒன்றன்பின் ஒன்றாக நூர்ந்துகொண்டிருந்தன. அவர் கொளுத்தியதும் நூர்ந்தது. தீப்பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எவ்வளவு இருட்டு அண்ணை இஞ்சை."

"ஓம்."

"இத்தனை மாதமும் நான் பகலிலைதான் வந்தனான். இருட்டினாப் பிறகு இஞ்சை நிண்டு பாக்கேல்லை."

அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கறண்ட் ஏற்கெனவே வந்துவிட்டது. அவருடைய பின்வளவில் அந்த வெள்ளை லைற், மாதாவின் தலையிலும் கருகிப்போன வட்டப் பாத்தியிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போனார். நான் வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்தேன், பழக்கத்தில். காற்று விழுந்திருந்தது. மேகம் இல்லை.

திடீரென்று லைற் நூர்ந்தது.

காத்து நின்றேன். மறுபடியும் கறண்ட் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் சமையலறையில் லைற் எரிந்தது. நான் பூட்டிய லைற் தானாக நூராது.

"சம்மாட்டியார்! லைற் பழுதாப் போச்சோ? ஏணி கொண்டு வரட்டோ?"

கதவடியில் இருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"பழுதில்லை அண்ணை. நான்தான் நூர்த்தனான்."

"ஏன்?"

"அவள் அங்கை இருட்டிலைதான் கிடக்கிறாள். இஞ்சை ஆருக்கு எரியிறது?"

எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். கூரை ஒழுகினாலும், கத்தரி வாடினாலும், பிள்ளைகள் எதிர்த்துக் கதைத்தாலும். அன்று வாயில் வந்தது இதுதான்: "இண்டைக்கும் விழும். மூடுங்கோ."

"விழட்டும்," என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தேன். மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ரூஜிலை இருந்து. இண்டைக்கு விழுமோ எண்டு கேக்கினம்."

"விழும் எண்டு சொல்லு."

"எதை மூடுறதெண்டு கேக்கினம்."

"மூட இனி ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."